தாளின் அடியில் ஒரு சொல்

"செத்த பாம்பைக்கூட இவ்ளோ மரியாதையா தொங்கவுட மாட்டாங்க மேடம்" என்றான் பெரியநாயகம், சுவரில் வளைந்து தொங்கிய இரும்புக் கம்பியைப் பார்த்து.

கம்பி முழுக்கக் காகிதங்கள். விழுப்புரத்தில் அச்சாகும் 'தென்னாற்காட்டு மணி' மாலைப் பத்திரிகைக்கு வருகிற எந்தச் செய்தியும், அச்சேறியதும் கடைசியாக வந்து குத்துப்படுகிற இடம் அதுதான். பக்கத்து அறையில் மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. எண்பத்து நாலாம் வருடத்துச் சித்திரை வெயில் ஓட்டுக்கூரை வழியாக இறங்கி, மை வாசனையைச் சுடச்சுடப் பரிமாறியது.

கிருஷ்ணவேணி அவன் பக்கம் திரும்பவில்லை. விழுப்புரத்தில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவளுக்கு உதவியாளன் அடிக்கிற ஜோக்குகள் மின்விசிறிச் சத்தம் மாதிரி. நின்றுவிட்டால்தான் கவனிப்பாள். பெரியநாயகம் முன்பு பஸ் கண்டக்டர். டிக்கெட்டைவிடப் பேச்சு அதிகமாகக் கிழிந்ததால் வேலை போனது என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

எதிரே பெஞ்சில், புடவைத் தலைப்பை முறுக்கியபடி உட்கார்ந்திருந்தாள் தையல்நாயகி. திண்டிவனத்தில் கடலை எண்ணெய் மில், அவள் பாஷையில் மல்லாட்டை எண்ணெய் மில், வைத்திருப்பவள். சாதாரணமாக அவள் பேசினால் மில் சத்தம் அடங்கிவிடும் என்பார்கள். இன்றைக்கு அவள் குரல்தான் அடங்கியிருந்தது.

"செவ்வாய்க்கெழம பேப்பர்ல வந்துச்சுங்க. அன்னிலேர்ந்து டின்னு டின்னா திரும்பி வந்துகினு இருக்குது. என் மில்லு எண்ணெய வாங்கி வெளக்குகூட ஏத்த மாட்டேங்கிறாங்க. இன்னிக்கி சாயங்காலம் வியாபாரிங்க சங்கத்துல கூட்டம். என் சரக்க கடைவீதில யாரும் எறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்களாம். பண்ணிட்டா, மில்ல பூட்டி சாவிய ஏரில வீசிட வேண்டிதான்."

ஆசிரியர் கிருஷ்ணசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, வந்ததைப் போட்டேன். வராததை எப்படிப் போடுவேன்?"

வந்தது இவ்வளவுதான்: தையல்நாயகி ஆயில் மில் எண்ணெயில் கலப்படம் என்று புகார். உணவு ஆய்வாளர் போனார், மாதிரி எடுத்தார், சோதனைக்கு அனுப்பினார். முற்றுப்புள்ளி.

சோதனை முடிவும் வந்துவிட்டது, எண்ணெய் சுத்தம் என்று இரண்டாவது தாளில் எழுதி அனுப்பினேன் என்று திண்டிவனம் நிருபர் விருத்தாசலம் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். அந்தத் தாள் எங்கே என்று கேட்ட கிருஷ்ணசாமி, பதில் வராததால் அவருடைய நிருபர் அட்டையைப் பிடுங்கி மேஜைக்குள் போட்டுவிட்டார்.

"நல்ல சேதியை முதல் தாள்லயே எழுதித் தொலைக்கக் கூடாதா? அந்த மனுஷனுக்குத் தொடர்கதை எழுதற ஆசை. திண்டிவனத்துல மழை பெய்ஞ்சாக்கூட, பெய்ஞ்சதா இல்லையான்னு கடைசி வரிலதான் சொல்வார்" என்றார் ஆசிரியர். "ரெண்டாவது தாள் எழுதினதுக்கு அத்தாட்சி கொண்டாங்க. முதல் பக்கத்துல போடறேன். ஆனா ஒரு மணிக்கு அச்சுக் கோத்த ஃபாரம் மெஷின்ல ஏறிடும். அப்புறம் கடவுளே வந்து செய்தி குடுத்தாலும் நாளைக்குத்தான்."

உதவி ஆசிரியர் கண்ணையன் கம்பியிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். கிருஷ்ணவேணி அதை வெளிச்சத்தில் பிடித்தாள். விருத்தாசலத்தின் குண்டு குண்டான கையெழுத்து. நடுவே கம்பி குத்திய துளை. மேல் மூலையில் இன்னொரு துளை, மிளகு நுழைகிற அளவுக்கு. தாளின் அடியில் ஒரே ஒரு சொல் மட்டும் ஆங்கில எழுத்தில், சுற்றி ஒரு வட்டத்தோடு.

பெரியநாயகம் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினான். "மோர்! பாவம், வெயில்ல தாகம் எடுத்துருக்குது. யாராவது ஒரு டம்ளர் அனுப்பி இருக்கலாம்."

கண்ணையன் சிரித்தார். "அந்தக் காலத்து இங்கிலீஷ் பேப்பர்காரங்க வச்சிட்டுப் போன பழக்கம்ப்பா. ஒரு தாள்ல சேதி முடியலைன்னா, அடுத்த தாள் இருக்குன்னு சொல்ல அடியில 'மோர்'னு எழுதணும். முடிஞ்சுட்டா 'எண்ட்ஸ்'. அச்சுக் கோக்கறவருக்கு இது கைகாட்டி மாதிரி. தமிழ்ல எழுதினாலும் அந்த ரெண்டு சொல்லு மட்டும் இங்கிலீஷ்லதான்."

"கைகாட்டி அடுத்த தாள் இருக்குன்னு சொல்லியும் ஏன் நிறுத்தினீங்க?" என்றாள் கிருஷ்ணவேணி.

"தேடினேன்மா. இல்ல. மணி ஒண்ணு ஆயிடுச்சு. இருந்ததை வச்சு முடிச்சேன்."

"அன்னைக்குத் திண்டிவனம் கவர்ல மொத்தம் என்ன வந்தது?"

"மூணு தாள். இந்தச் சேதி ஒரு தாள். வேற ஏதோ திறப்பு விழா, அது ரெண்டு தாள்."

கிருஷ்ணவேணி குடையை எடுத்துக்கொண்டாள். "பெரி, கெளம்பு. திண்டிவனம்."

வாசற்படி இறங்கும்போதே அவனுக்குப் பொறுக்கவில்லை. "எவனோ ரெண்டாந்தாள லவட்டிக்கினான், அவ்ளோதானே மேடம்?"

"லவட்டினவனுக்கு விவரம் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பான்?"

"ஓடியிருப்பான்."

"அடியில இருக்கிற அந்தச் சொல்லை, அரை விரல் அகலத்துக்குக் கத்தரிச்சு எடுத்திருப்பான். அப்ப ரெண்டாவது தாள்னு ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சொல்லு பத்திரமா இருக்கு. அதனால, அந்தச் சொல் அங்க எதுக்கு இருக்குன்னே தெரியாத ஒருத்தர் கைபட்டுத்தான் இது நடந்திருக்கு."

"திண்டிவனத்துல அது தெரியாதவங்க முக்காவாசி ஊரு இருக்குமே. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுக் கேக்கணுமா?"

"முதல்ல கவர் எந்த பஸ்ல வந்துச்சுன்னு கேளு."

அது பெரியநாயகத்தின் ராஜ்ஜியம். வெளியூர் நிருபர்களின் கவரைக் கண்டக்டர்கள்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரிடம் தோளில் கைபோட்டான். மூன்றாவது ஆளோடு திரும்பி வந்தான்.

"தேவநாதன். நம்ம பழைய ஜோடி. இவுரு வண்டிலதான் கவர் வரும். ஏறுங்க, பேசிக்கினே போவலாம்."

விக்கிரவாண்டி தாண்டுகிற வரை தேவநாதன் டிக்கெட் கிழித்தான். அப்புறம் கம்பியைப் பிடித்தபடி குனிந்தான்.

"அந்த நிருபரு கவரா? ஐயோ, பேஜாரு புடிச்ச கவருங்க அது! ஒட்ட மாட்டாரு, சும்மா மடிச்சுக் குடுப்பாரு. குண்டூசி இல்லேன்னு தாளுங்கள கருவேல முள்ளால குத்தி வெச்சிருப்பாரு. நான் சட்டைப் பைல வெச்சா நெஞ்சுல குத்துது. செவ்வாய்க்கெழம பொறுக்க முடியல. புடுங்கி ஜன்னல் வழியா வீசிட்டேன்."

"மிளகு ஓட்டை!" என்றான் பெரியநாயகம்.

கிருஷ்ணவேணி தலையசைத்தாள். "முள்ளைத் தவிர வேற எதையாவது எடுத்தீங்களா?"

"எடுக்கலீங்க." தேவநாதன் பின்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அங்கே, கூடவே கிளம்பி வந்த தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு உள்ள வெச்சேன். சீனுவாசன் ஆயில் மில்லு மொதலாளி வண்டி கெளம்பற நேரத்துல ஓடியாந்தாரு. 'பேப்பர் ஆபீசுக்குத்தானே போறே, இதையும் சேத்துக் குடுத்துடுப்பா'ன்னு ஒரு தாளு குடுத்தாரு. அந்தக் கவர்லியே நடுவுல சொருகிட்டேன்."

எவ்வளவு தாழ்த்தியும் பயனில்லை. கடலையை ஆட்டுகிற மெஷின் பக்கத்தில் நின்றே பழகிய காது தையல்நாயகிக்கு.

"சீனுவாசனா!" அந்த ஒரு சொல்லில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். "எங்க தெருவுக்கு எதிர்த் தெருவுல மில்லு வெச்சிக்கினு, நேருக்கு நேரா 'நல்லாருக்கியாம்மா'ன்னு கேட்டுக்கினு, பின்னால இந்த வேலயா?"

"முடிஞ்சுது மேடம்" என்றான் பெரியநாயகம், கைகளைத் தேய்த்தபடி. "போட்டியாளரு. தாள குடுக்குற சாக்குல தாள எடுத்துட்டாரு. நேரா போறோம், காலரப் புடிக்கிறோம்."

"கொடுத்தார்னு சாட்சி இருக்கு. எடுத்தார்னு யார் சொன்னா?" என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணவேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மயிலம் கூட்டுரோடு வரைக்கும் பெரியநாயகம் யாருடைய காலரை எப்படிப் பிடிப்பது என்று தன் சட்டையிலேயே இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டான்.

விழுப்புரத்திலிருந்து என்ன சேதி வருமோ என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் காத்திருந்தார். ஒல்லி உடம்பு, காதில் பென்சில், முகத்தில் மூன்று நாள் தாடி.

"அன்னைக்கு எத்தனை செய்தி அனுப்பினீங்க சார்?" என்றாள் கிருஷ்ணவேணி.

"ஒண்ணேதாம்மா. ரெண்டு தாள். மேல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு."

"திறப்பு விழா?"

"அது நான் எழுதினது இல்ல. மூணாம் பக்கத்துல சீனுவாசன் மில்லுல புது மெஷின் ஓட்டினதா ஏதோ வந்திருந்தது. அந்த மாதிரி சுயபுராணத்தையெல்லாம் யார் படிப்பா?"

"இப்ப நாம படிப்போம்" என்றாள் கிருஷ்ணவேணி. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

சீனுவாசன் ஆயில் மில்லுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மீசை. இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் உட்காருகிற மீசை. அதற்குப் பின்னால்தான் சீனுவாசன். அவருக்குப் பின்னால் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு, சாமந்தி மாலை சாத்தி, ஒரு பத்திரிகைத் துண்டு.

"வாங்க வாங்க! பாத்தீங்களா? நம்ம மில்லு பேப்பர்லயே வந்துடுச்சு!" என்றவர், பின்னால் வந்த தையல்நாயகியைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "நல்லாருக்கியாம்மா?"

"ஏன் கேக்க மாட்டீங்க?" என்றாள் அவள். பெரியநாயகம் குறுக்கே நிற்காவிட்டால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கிருஷ்ணவேணி படத்தின் அருகே போய் நின்றாள். கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு. அவள் கண் கடைசிப் பத்தியில் நின்றது.

"பெரி, இதைச் சத்தமா படி."

பெரியநாயகம் தொண்டையைச் செருமினான். "'திண்டிவனம் சீனுவாசன் ஆயில் மில்லில் புதிய இயந்திரம் இனிதே இயக்கி வைக்கப்பட்டது. வந்திருந்தோர்க்குச் சுண்டலும் சர்பத்தும் வழங்கப்பட்டன. மாதிரிகளைச் சோதித்ததில் எண்ணெயில் எவ்விதக் கலப்படமும் இல்லை, முற்றிலும் சுத்தமானது எனத் தெரியவந்துள்ளது. இது குறித்து மில் உரிமையாளரான இந்த...' இங்க ஒரு பொட்டு இருக்குது மேடம், எழுத்து தெரியல. '...கூறுகையில், யார் வேண்டுமானாலும் என் மில்லுக்கு வந்து பார்க்கலாம் என்றார்.'"

"படத்துக்கு நாலு மூலையில பொட்டு வைப்பாங்க. நடுவுல அஞ்சாவது பொட்டு எதுக்குங்க?" என்றாள் கிருஷ்ணவேணி.

சீனுவாசனின் மீசை லேசாகத் தொங்கியது. "அது... ஒரு அழகுக்கு."

கிருஷ்ணவேணி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள். குங்குமத்துக்குக் கீழே எழுத்து பளிச்சென்று தெரிந்தது. பெரியநாயகம் படித்தான். பிறகு சீனுவாசனின் மீசையைப் பார்த்தான். மறுபடி படித்தான்.

"'மில் உரிமையாளரான இந்த அம்மையார்!'"

தையல்நாயகியின் வாய் திறந்தது. விருத்தாசலம் ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். "என் வரிம்மா! 'யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.' இந்த அம்மா என்கிட்ட சொன்னது! என் ரெண்டாந்தாள்! தொலையவே இல்ல, அச்சாகியிருக்கு! இவர் வால்ல ஒட்டிக்கிட்டு அச்சாகியிருக்கு!"

"அச்சுப்பிழைன்னு நெனச்சேங்க" என்றார் சீனுவாசன் பரிதாபமாக. "நாலு பேரு பாத்தா சிரிப்பாங்களேன்னு பொட்ட வெச்சேன்."

"ஆய்வாளர் உங்க மில்லுக்கு எப்ப வந்தார்?"

"வரவே இல்லீங்களே."

"வராமயே சுத்தம்னு எழுதினா, சந்தேகம் வரலையா?"

"பேப்பர்காரங்க நல்ல மனசோட ரெண்டு வரி சேத்துப் போட்டுருக்காங்கன்னு இருந்துட்டேன். நல்லதுதானே எழுதியிருக்குது!"

"மேடம், நம்பாதீங்க. ஆளு பலே கில்லாடி" என்ற பெரியநாயகம் சீனுவாசனின் காதோரம் போனான். "ஜல்தி சொல்லுங்க. எத்தினி தாளு அனுப்புனீங்க?"

"ஒண்ணுதாம்ப்பா."

"அதோட அடியில என்ன எழுதினீங்க?" என்றாள் கிருஷ்ணவேணி.

இந்தக் கேள்விக்கு மட்டும் சீனுவாசன் முகம் மலர்ந்தது. பாடம் தெரிந்த பையன் மாதிரி நிமிர்ந்தார்.

"மோருங்க! இங்கிலீசுல எழுதி, சுத்தி வட்டமும் போட்டேன்!"

"எதுக்கு?"

"இன்னாங்க இப்பிடி கேக்குறீங்க? டீக்கடையில இந்த நிருபரு எழுதும்போது எத்தினி தடவ பாத்துருக்கேன். தாளு முடியற எடத்துல தவறாம அதப் போடுவாரு. நாம மேல புள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கிற மாதிரி, பேப்பருக்குப் போற சேதின்னா கீழ அதப் போட்டு முடிக்கிறது மொறைன்னு நெனச்சேன். போடாம அனுப்புனா மரியாதை தெரியாத ஆளுன்னு குப்பைல போட்டுட மாட்டாங்களா? மேல ஒண்ணுன்னு நம்பரும் போட்டேங்க, அவரு போடற மாதிரியே."



கிருஷ்ணவேணிதான் முதலில் சிரித்தாள். "முள் போச்சு. தாள் தளர்ந்துது. நடுவுல இவர் தாள் நுழைஞ்சுது. கண்ணையன் என்ன பாத்திருப்பார்? முதல் தாள் அடியில 'மோர்'. அடுத்துப் புரட்டினா வேற செய்தி. சரி, இதுக்கு ரெண்டாந்தாள் வரலைன்னு விட்டுட்டார். இவர் தாள் அடியிலயும் 'மோர்'. அடுத்துப் புரட்டினா ரெண்டுன்னு நம்பர் போட்ட தாள், ஆயில் மில் சமாச்சாரம். ஒண்ணுக்குப் பின்னால ரெண்டு. ஒட்டிட்டார். யாரும் எதையும் திருடல பெரி. ஒருத்தர் மரியாதை பண்ணியிருக்கார்."

காலரைப் பிடிக்கத் தயாராக இருந்த தன் கைகளைப் பெரியநாயகம் ஏமாற்றத்தோடு பார்த்துக்கொண்டான். "இவ்ளோ தூரம் வந்து ஒரு வில்லன்கூட இல்லியா மேடம்?"

"இருக்கான். சுவர்ல" என்றாள் அவள். சுவர்க் கடிகாரம் ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் என்றது.

சீனுவாசனின் டெலிபோனில் விழுப்புரத்துக்கு அதிவேக 'லைட்னிங் கால்' போட்டார்கள். மின்னல் வருவதற்குள் மழையே பெய்து ஓய்ந்துவிடும் போலிருந்தது. தையல்நாயகி மில் வாசலுக்கும் போனுக்குமாக நடந்தாள். சீனுவாசன், தானே ஏதோ பரீட்சை எழுதுகிறவர் போல வியர்த்தார். மணி அடித்தபோது நாலு கைகள் ரிசீவரில் விழுந்தன. ஜெயித்தது கிருஷ்ணவேணியின் கை.

"சார், கம்பியில சீனுவாசன் மில் திறப்பு விழாவைத் தேடுங்க... ஆமா, அதுக்குக் கீழ இருக்கிற தாள்! மேல் மூலையில மிளகு அளவு ஓட்டை இருக்கா? காலையில பாத்தோமே, அந்த முதல் தாளோட சேத்து வெளிச்சத்துல புடிங்க... கையெழுத்தையும் பாருங்க!"

அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. பிறகு மெஷின் சத்தம் மட்டும். பிறகு, ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டிய அளவில் கிருஷ்ணசாமியின் குரல்:

"கண்ணையா! மெஷினை நிறுத்து!"

முழுச் செய்தியையும் விருத்தாசலமே போனில் சொல்ல வேண்டும், கண்ணையன் ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்று உத்தரவு. விருத்தாசலம் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சேவகன் ஈட்டியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, இந்த முறை முதல் வரியிலேயே "எண்ணெய் சுத்தம்" என்று ஆரம்பித்தார்.

தையல்நாயகி சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, மாலையைச் சரிசெய்து, சீனுவாசன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கே அந்த ஆய்வாளர வரச்சொல்லி உங்க எண்ணெயயும் பாக்கச் சொல்லுங்க. சுத்தம்னு சொன்னா, புதுசா எழுதி வாங்கி மாட்டிக்கோங்க. அதுவரைக்கும் இந்த அம்மையாரு உள்ளாற இருக்கட்டும்."

"சரிம்மா" என்றார் அவர், படத்தைத் துண்டால் போர்த்தியபடி.

சாயங்காலம் விழுப்புரம் பஸ் திண்டிவனம் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது, கட்டு இறங்குவதற்கு முன்பே பெரியநாயகம் ஓடிப்போய் ஒரு பேப்பரை உருவிவிட்டான். முதல் பக்கம், நட்டநடுவில், கட்டம் கட்டி.

கூட்டத்துக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்த வியாபாரிகள் சங்கத் தலைவர் அதை வாங்கி, வழியிலேயே நின்று உரக்கப் படித்தார். கடைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தையல்நாயகி யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலைவரின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"'...எண்ணெய் முற்றிலும் சுத்தமானது. தாள் இடம் மாறிப்போனதால் நேர்ந்த தவறுக்குத் தென்னாற்காட்டு மணி வருந்துகிறது...'" அவர் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி வரியை மெதுவாகப் படித்தார். "'இத்துடன் செய்தி முடிந்தது. அடுத்த தாள் கிடையாது. சத்தியமாகக் கிடையாது, கண்ணையன் சார்.'"

விருத்தாசலம் பென்சிலோடு சேர்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை விடாம எழுதச் சொன்னா, அதையும் கோத்துட்டாங்களா!"

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் பஸ் ஸ்டாண்டே சிரித்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரை மடித்தார்.

"பேப்பர்காரனே சத்தியம் பண்ணிட்டான், இனிமே இன்னாத்துக்குய்யா கூட்டம்? போங்க, அந்தம்மா டின்னுங்கள அவங்கவங்க கடையில எறக்குங்க!"

தையல்நாயகி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இடுப்பில் செருகியிருந்த மில் சாவியை எடுத்துப் பெரியநாயகத்தை நோக்கி வீசினாள்.

"சும்மா நின்னுக்கினு பல்லக் காட்டாம ஓடிப்போய் மில்லத் தொற தம்பி. மூணு நாளா மல்லாட்டை காஞ்சி கெடக்குது!"

அந்தக் குரலுக்குப் பஸ் ஸ்டாண்டு அடங்கியது.